வேண்டாம் என்று சொல்லத் தெரியாத கல்லூரி

1

எனக்குப் பழிவாங்கப் பிடிக்கும். இதைச் சொல்வதில் வெட்கம் கிடையாது. ‘மறப்போம், மன்னிப்போம்’ என்று தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்புகிற அன்பர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை இருந்தால் பார்க்கலாம். மற்றவர்கள் கிட்டே வந்து உட்காருங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், வருஷத்தில் பாதி நாள் மழை நசநசவென்று பெய்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே இருக்கிற கம்யூனிட்டி காலேஜில் வெளிநாட்டு மாணவர் பிரிவில் வேலை. காலையில் மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காபியோடு மேசையில் உட்கார்ந்தால் வியட்நாம், ஜப்பான், பிரேசில் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் அனுப்பிய விண்ணப்பங்கள் கம்ப்யூட்டரில் வரிசைகட்டி நிற்கும். பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா, பேங்க் பேப்பர் சரியா, இங்கிலீஷ் பரீட்சை மார்க் வந்ததா என்று பார்த்து, ஐ-20 என்கிற காகிதத்தைப் போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் விசாவுக்குப் போய் நிற்க முடியாது.

போன மாதம் ஒரு நாள் அப்படி வந்த விண்ணப்பம் ஒன்று. பெயர் யாழினி. ஊர் நாவலூர், செங்கல்பட்டு மாவட்டம். செங்கல்பட்டு என்று பார்த்ததும் வாய் தானாகச் சிரித்தது. நம்ம பக்கத்துப் பெண்! இந்த மழைப்பட்டணத்தில் எனக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததே இல்லை. செலவை ஏற்பவர் யார் என்று அடுத்த பக்கத்தைத் திறந்தேன். தாத்தா ராமமூர்த்தி, கல்பாக்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ராமமூர்த்தி என் அம்மாவின் அண்ணன். என் தாய்மாமன்.

விண்ணப்பத்தின் கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்று ஒரு கட்டம் உண்டு. பிள்ளைகள் அதில் கால்பந்து ஆடுவேன், கிடார் வாசிப்பேன் என்று எழுதுவார்கள். மாமா அதில் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். தங்கள் கல்லூரியில் உயர் அதிகாரியாகப் பணிபுரியும் திருமதி சுமதி எங்கள் மருமகள், எங்கள் குடும்பத்தைப் பற்றி அவர் நன்கு அறிவார், ஆவன செய்யவும். சுத்தமான சர்க்கார் இங்கிலீஷ்.

மருமகளாமே, மருமகள்! இருபது வருஷமாக இந்த மனிதர் என் பெயரை வாயில் எடுத்ததில்லை. அக்கா மகள், தங்கச்சி மகள் என்று உலகமே முறை கொண்டாடுகிற கல்யாணங்களில் என்னைப் பார்த்தால் கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்ப்பார். நேரடியாக ஒரு போன் போட்டு, ‘சுமதி, பேத்திக்கு ஒரு உதவி’ என்று கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் சிபாரிசு மட்டும் வேண்டும்.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? எங்கள் கல்லூரிக்குச் சிபாரிசே தேவையில்லை. பள்ளிப் படிப்பை முடித்த யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கம்யூனிட்டி காலேஜின் அடிப்படைச் சட்டம். காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் போதும். ‘உங்களுக்கு இடமில்லை’ என்று அனுப்ப எங்களிடம் ஒரு கடிதம்கூட அச்சடித்து வைத்திருக்கவில்லை. ஆனால் நம்ம ஊரில் உள்ளே ஆள் இல்லாமல் எங்கேயாவது ஏதாவது நடந்திருக்கிறதா? திறந்து கிடக்கிற கதவைத் தட்ட மாமா ஆள் பிடித்திருக்கிறார்.

பக்கத்து மேசைக்காரியிடம் அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் பேப்பரை நாங்கள் தொடக்கூடாது என்பது விதி. நான் தள்ளவில்லை. என் பெயருக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

2

திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவுக்கு ஊரில் கொஞ்சம் நெல் நிலமும், நெம்மேலிப் பக்கம் கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பும் இருந்தன. கடற்கரைச் சாலை அகலமாகி, சென்னைக்காரர்கள் காரில் வந்து மணலைக் கையில் அள்ளிப் பார்க்க ஆரம்பித்த காலம் அது. நான் ப்ளஸ் டூவில் கணக்கில் வழுக்கி, இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் உருப்படியாக எதுவும் கிடைக்காமல் வீட்டில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து நானேதான் கண்டுபிடித்தேன். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று ஒன்று உண்டு, முதல் இரண்டு வருஷம் அங்கே குறைந்த செலவில் படிக்கலாம், மார்க் நன்றாக இருந்தால் மூன்றாம் வருஷம் பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறிக்கொள்ளலாம், முடிவில் கிடைப்பது அந்தப் பெரிய இடத்துப் பட்டம்தான் என்று. நுழைவுத் தேர்வு கிடையாது. ப்ளஸ் டூ கணக்கு மார்க்கை வைத்துக்கொண்டு யாரும் ஒப்பாரி வைக்க மாட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் சவுக்குத் தோப்பை விற்றுவிட்டார்.

அங்கேதான் மாமாவுக்குப் பற்றிக்கொண்டது. அந்தத் தோப்பின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். தன் மகன் பிரபு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான், நாளைக்குத் திரும்பி வந்தால் கடலோரமாக வீடு கட்டுவான் என்று அப்பாவிடம் நூல் விட்டுக்கொண்டே இருந்தார். தோப்பு கைநழுவிப் போனதும் கல்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மாமா சாதாரணமாக அணுமின் நிலைய டவுன்ஷிப் தமிழ் பேசுவார், ஒவ்வொரு எழுத்தும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். கோபமோ பயமோ வந்தால் மட்டும் ஊர்த்தமிழ் வந்துவிடும்.

“பொட்டப் புள்ளக்கி பூமிய வித்து அனுப்பறியே, அது இன்னா காலேஜின்னு விசாரிச்சியா? நம்மூர்ல பெயிலான பசங்க போற டுட்டோரியல் கீதே, அது மாதிரிதான் அதுவும். தேறாததுங்களுக்கு வெளிநாட்டுக்காரன் கட்டி வச்ச கொட்டாயி.”

அப்பா பேசத் தெரியாதவர். “பாப்பா ஆசப்படுது மச்சான்” என்று மட்டும் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. பொய் சொல்கிறேன், மறந்திருக்க மாட்டேன். ஆனாலும் அவர் விடவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாராவது வெளிநாடு போனால் சொந்தபந்தம் எல்லாம் வேன் பிடித்து மீனம்பாக்கம் வரை போய் வழியனுப்பும். பிரபு போனபோது இரண்டு வேன் போனது. புளிச்சாதப் பொட்டலம், மாலை, ஏர்போர்ட் வாசலில் குரூப் போட்டோ, எல்லாம் உண்டு. நான் போகும்போது, ‘வேனுக்கு நான் சொல்லிவிடுகிறேன்’ என்று மாமா அம்மாவிடம் வாக்குக் கொடுத்தார். தாய்மாமன் முறை அது. விடிந்து வெயில் ஏறியும் வேன் வரவில்லை. சொந்தக்காரர்களும் வரவில்லை. அப்பா போன் போட்டார்.

“ரெண்டு வருஷ காலேஜிக்கு எதுக்குய்யா வேனு? பஸ்ல போனா ஆவாதா?”

பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நானும் அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினோம். எதிரே ஏர்போர்ட். அப்பா என் பெரிய சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு சுரங்கப்பாதைப் படியில் இறங்கினார். எங்கே வழுக்கிவிடுமோ என்று அம்மா பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனாள். நான் அழவில்லை. அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன்.

சமீபத்தில் இந்தக் கதையை என் மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பதினோரு வயது, இங்கேயே பிறந்தவள். பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகக் கேட்டுவிட்டு, “அம்மா, டாக்சி புக் பண்ணியிருக்கலாமே?” என்றாள். வேன் என்பது வண்டி இல்லை என்று இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? போய் ஹோம்வொர்க் செய் என்று அனுப்பிவிட்டேன்.

3

இப்போது நான் படித்த கல்லூரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாமா சொன்னதுதான் உண்மை என்று நினைத்துவிடுவீர்கள்.

முதல் நாள் வகுப்பு. இருபது பேர்தான் இருப்போம். பாதிப் பேர் என்னைப் போலப் பள்ளி முடித்தவர்கள். மீதியில் ஒரு லாரி டிரைவர், இரண்டு பிள்ளை பெற்ற ஒரு அம்மா, ராணுவத்திலிருந்து வந்த ஒருவர். வாத்தியாரம்மா உள்ளே நுழைந்ததும் நான் விறைப்பாக எழுந்து நின்றேன். வேறு ஒருவரும் எழவில்லை. நான் வெளியே போகக் கிளம்புகிறேன் என்று நினைத்து வாத்தியாரம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மரியாதைக்குக் குறைவாகப் போய்விடுமே என்று நானும் வெளியே போய்விட்டேன். கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்றுவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

பெரிய யுனிவர்சிட்டியாக இருந்திருந்தால் அந்த வாத்தியாரம்மா என்னைக் கவனித்தே இருக்க மாட்டார். முதல் வருஷ வகுப்பில் அங்கே முந்நூறு பேர் இருப்பார்கள், வாத்தியார் மேடையில் எறும்பளவு தெரிவார். இங்கே அவர் வகுப்பு முடிந்ததும் வந்து என் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகிக்கொண்டார். கணக்கில் நான் எங்கே தடுக்குகிறேன் என்று உட்கார்ந்து பார்த்து, அந்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வைத்தார். என் இங்கிலீஷுக்கும் தனியாக வகுப்பு இருந்தது, யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியரிங் சரிவராது, கணக்குப்பதிவியல்தான் பிடிக்கிறது என்று ஒரு வருஷம் கழித்து நான் சொன்னபோது, ‘சரி, மாற்றிக்கொள்’ என்றார்கள். நம்ம ஊரில் இப்படி மாற்ற முடியுமா? எடுத்த குரூப்போடு கட்டை வேகணும்.

இரண்டு வருஷம் கழித்து மூன்றாம் வருஷத்துக்கு மாறினேன். எந்த யுனிவர்சிட்டிக்கு? பிரபு எம்.எஸ். படித்தானே, அதே யுனிவர்சிட்டிக்கு! என் பட்டத்தில் இருக்கிற முத்திரையும் அவன் பட்டத்தில் இருக்கிற முத்திரையும் ஒன்று. அம்மா இதை ஊரில் ஒரு காதுகுத்து விழாவில், மாமா காதில் விழுகிற மாதிரி, உரக்கச் சொல்லியிருக்கிறாள். மாமா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அத்தனை பேர் முன்னால் சொன்னாராம்:

“அதே வூடுதாம்மா. ஆனா என் புள்ள முன்வாசல்ல போனான். உம் பொண்ணு கொல்லப்பக்கமா பூந்துட்டா.”

பந்தியே சிரித்தது. அதற்குப் பிறகு என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பங்கள் மாமாவிடம் விசாரித்துவிட்டுக் காணாமல் போயின. கொல்லைப்பக்கம் என்பது என் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்பா விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். எனக்கு இங்கே நல்ல மனுஷன் ஒருவன் கணவனாக அமைந்தான், பிள்ளை பிறந்தது, வீடு வாங்கினோம். ஆனால் அப்பா பந்தியில் தலைகுனிந்து இலையை மூடிவிட்டு எழுந்தார் என்று அம்மா சொன்னாளே, அது மட்டும் எனக்குச் செரிக்கவே இல்லை.

4

அந்த மாமாவின் பேத்தி விண்ணப்பம்தான் என் மேசையில் கிடந்தது.

விவரம் அம்மாவிடமிருந்து வந்தது. பிரபுவுக்கு அமெரிக்காவில் விசா தொடரவில்லை, எப்போதோ திரும்பிவந்து நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அவன் மகள் யாழினி ப்ளஸ் டூவில் சுமாரான மார்க். பெரிய பெரிய யுனிவர்சிட்டிகளுக்குப் போட்டார்கள், நாலு இடத்திலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பெண் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். செப்டம்பரில் வகுப்பு ஆரம்பிக்கிறது. அதற்குள் ஐ-20 வந்து, விசாவுக்குத் தேதி கிடைத்தால்தான் உண்டு. தவறினால் ஒரு வருஷம் போச்சு.

“இன்னாடி சொல்ற? நெசமாவா? அவன் பேத்தி பேப்பரு உன் கையிலயா கீது?” என்று அம்மா போனில் கூவினாள். நான் சட்டத்தைச் சொன்னேன், எங்களால் யாரையும் மறுக்க முடியாதும்மா என்று.

“மறுக்க வேணான்டி. நல்லா இழுத்தடி.”

அண்ணனைப் பற்றித் தங்கை சொல்கிறாள்! பின்னால் அப்பா ஏதோ முணுமுணுத்தார், பாவம் சின்னப் பொண்ணு என்கிற மாதிரி. “நீ சும்மா கெட, சூட்கேஸ தலையில தூக்கினவன்தானே நீ” என்று அம்மா அவரை அடக்கினாள்.

இழுத்தடிப்பதற்குச் சர்க்கார் வேலையைப் போல ஒரு வசதி உலகத்தில் கிடையாது. முதல் தடவை, பேங்க் கடிதம் பழைய தேதி, புதிதாக வாங்கி அனுப்பவும் என்று திருப்பினேன். அனுப்பினார்கள். இரண்டாவது தடவை, செலவை ஏற்பவர் தாத்தா என்பதற்கு ஆதாரம் இல்லை என்று திருப்பினேன். அனுப்பினார்கள், கூடவே கேட்காமலே யாழினியின் சாதிச் சான்றிதழும் வந்தது. கம்யூனிட்டி காலேஜ் என்றால் அதுவும் தேவைப்படும் என்று மாமாவுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. மூன்றாவது தடவை, ஏன் கம்யூனிட்டி காலேஜில் படிக்க விரும்புகிறாய் என்ற கேள்விக்கான பதில் திருப்தியாக இல்லை, மறுபடி எழுதவும் என்று திருப்பினேன்.

சொந்தக்காரர் பேப்பரைத் தொட்டதை விட்டால், கேட்டதெல்லாம் விதிக்கு உட்பட்டதுதான், யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. நல்ல மனசு இருந்தால் மூன்றையும் ஒரே மெயிலில் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாலைந்து நாள் ஆறப்போட்டேன். அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சாம்பார்கூட நன்றாக வந்தது.

நாலாவதாகச் செய்ததற்கு மட்டும் விதியில் இடம் கிடையாது. செலவை ஏற்பவரோடு வீடியோவில் ஒரு நேர்காணல் நடத்த வேண்டும், அவரே நேரில் விளக்க வேண்டும் என்று எழுதினேன். எங்கள் கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் யாருடைய தாத்தாவையும் நேர்காணல் செய்ததில்லை.

5

இங்கே காலை, அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால். கேமராவைத் திறந்தால் நாவலூர் வீட்டின் சோபாவில் மாமா. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரபு, தலை நரைத்திருந்தது. சோபாவின் ஓரத்தில் மடியில் போனை வைத்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண். அதுதான் யாழினி.

“வணக்கம்மா சுமதி. சௌக்கியமா? மாப்பிள்ளை, குழந்தை எல்லாம் நலமா?” டவுன்ஷிப் தமிழ்.

“நல்லா இருக்கோம் மாமா. கேள்விக்குப் போவோமா? உங்க பேத்தி எதுக்குக் கம்யூனிட்டி காலேஜ்ல படிக்கணும்?”

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். “கட்டணம் குறைவும்மா. முதல் இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு அப்புறம் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான்.”

“வேற?”

“வகுப்பில் மாணவர்கள் குறைவு. ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிப்பார்.”

“வேற?”

“ஆங்கிலத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு. பாடப்பிரிவு பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். புது நாட்டில் திடீரென்று பெரிய இடத்தில் போய்த் திணறாமல், சின்ன ஊரில் நிதானமாகப் பழகலாம்.”

ஒவ்வொன்றும் சரி. ஒவ்வொன்றும் அன்றைக்கே விசாரித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் “வேற மாமா?” என்றேன். அவர் பிரபுவைப் பார்த்தார். பிரபு தரையைப் பார்த்தான்.

“டுட்டோரியல் மாதிரின்னு சொல்றாங்களே மாமா? தேறாதவங்களுக்குக் கட்டி வச்ச கொட்டாயின்னு?”

“அது… தெரியாதவங்க பேசறதும்மா.”

“கொல்லப்பக்கமா பூந்துட்டான்னும் சொல்வாங்க. ஒரு காதுகுத்துல கேட்டதா ஞாபகம்.”

மாமா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். இஸ்திரி எல்லாம் கலைந்துவிட்டது.

“வாசலு வாசலுதாம்மா. எப்டி பூந்தா இன்னா, உள்ள போயி ஒக்காந்தா சரி. நான் அன்னிக்கி பேசனது தப்புதான். உங்கப்பன் தங்கமான மனுசன். அத மனசுல வச்சிகினு இந்தக் கொழந்தய வுட்டுடாத சுமதி. நாலு எடத்துல வேணான்ட்டானுங்க. சாப்புடாம கெடக்குது. உன்ன வுட்டா எனக்கு அங்க யாரு கீறாங்க?”

அவர் கண் கலங்கியது. எழுபத்தைந்து வயது மனிதர் கைகூப்பிவிட்டார். மனசு இளகியது என்று எழுத எனக்கும் ஆசைதான். இளகவில்லை. ஜில்லென்று இருந்தது. சுரங்கப்பாதைப் படியில் இறங்கிய அப்பாவுக்கும் இலையை மூடிவிட்டு எழுந்த அப்பாவுக்கும் சேர்த்து இன்னும் கொஞ்ச நேரம் அவரை அப்படியே வைத்திருந்தேன்.

“பாக்கறேன் மாமா” என்றேன்.

யாழினி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தா கைகூப்பியபோது மட்டும் அவள் உதட்டோரம் லேசாக வளைந்தது. இடம் கிடைத்துவிடும் என்ற சந்தோஷம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அழைப்பை முடித்த கையோடு ஐ-20யைப் போட்டேன். நியாயமாகப் பார்த்தால் முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. என் கையெழுத்து, கல்லூரி முத்திரை, எல்லாம் ஜோராக இருந்தது. இனி சாகும்வரை பேத்தியின் படிப்பு என் தயவால் கிடைத்தது என்றே மாமா நினைத்துக்கொண்டிருக்கட்டும், சிபாரிசு தேவையே இல்லை என்பதை நான் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தேன். எழுந்துபோய் இன்னொரு காபி வாங்கி வந்தேன்.

6

திரும்பி வந்தால் யாழினியிடமிருந்து ஒரு மெயில். மரியாதையான இங்கிலீஷில் இரண்டே வரி. தங்கள் கல்லூரிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நன்றி.

பதறிப்போய்விட்டேன். என்ன ஏது என்று யோசிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் புது நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சின்னக் குரல், அவசரமில்லாமல் பேசியது.

“அத்தை, நான் யாழினி பேசறேன். உங்க நம்பர் அப்பா போன்லேருந்து எடுத்தேன். உங்க காலேஜ்ல எல்லாரையும் சேத்துப்பாங்கன்னு வெப்சைட்லயே போட்டிருக்கு. மொத நாளே படிச்சுட்டு, சிபாரிசெல்லாம் வேணாம் தாத்தான்னு சொன்னேன். அவர் கேக்கல. ரெண்டாவது தடவை நீங்க திருப்பி அனுப்பினப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. வேற ஸ்டேட்ல இன்னொரு கம்யூனிட்டி காலேஜுக்குப் போட்டேன். போன வாரமே அங்கேருந்து ஐ-20 வந்துடுச்சு. அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். தாத்தா உங்ககிட்ட பேசி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது, அப்புறம் தொடர்ந்தாள்.

“நாலு யுனிவர்சிட்டி வேணான்னு சொன்னப்போ, தாத்தா சாப்பாட்டு மேஜைல எல்லார் முன்னாடியும் என்னை என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியாது. தேறாத ஜென்மம்னு சொன்னார். இன்னிக்கு அவர் வாயாலயே எல்லாத்தையும் மாத்திச் சொன்னார் இல்ல, அதை ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். அதுக்குத் தேங்க்ஸ் அத்தை. ஆனா மூணு தடவை திருப்பி அனுப்பினீங்க. மூணு தடவையும் நான் அழுதேன். சண்டை உங்களுக்கும் அவருக்கும். ஃபைல் மேல இருந்தது என் பேர். அதை நான் மறக்க மாட்டேன்.”

அவ்வளவுதான். செய்தி முடிந்துவிட்டது.

முதலில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. திமிரைப் பார், முளைச்சு மூணு இலை விடவில்லை! இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அந்தக் குரலில் அழுகை இல்லை, கத்தல் இல்லை. மனதில் எழுதிக்கொள்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், எனக்குத் தெரியாததா? மனதுக்குள் மாமா முகத்திலும் பிரபு முகத்திலும் தேடிப் பார்த்தேன், அந்தப் பெண்ணுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று. அங்கே தேட வேண்டிய அவசியமே இல்லை. பதில் எழுத ஆரம்பித்து, அழித்து, ஆரம்பித்து, விட்டுவிட்டேன். போட்ட ஐ-20யை ரத்து செய்ய ஒரு படிவம் உண்டு, அதை நிரப்பி அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் மாணவி விருப்பம் என்று போட்டேன்.

சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன். அங்கே விடிந்தும் விடியாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“இன்னா ஆச்சு? கெஞ்சினானா?”

“கெஞ்சினாரும்மா.”

“கண்ணுல தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு. கைகூப்பிட்டாரு. அப்பாவ தங்கமான மனுசன்னு சொன்னாரு.”

அம்மா சிரித்தாள். எத்தனையோ வருஷமாக அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் கேட்டதில்லை. “தே, கேட்டியா, உன்ன தங்கமான மனுசன்னானாம்!” என்று அப்பாவை எழுப்பிச் சொன்னாள். அப்பா என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. அப்புறம் அம்மாவின் குரல் இறங்கியது.

“சரி, போதும். அந்தப் பொண்ணு இன்னா பண்ணும், பாவம். எப்ப வருது? உன் வூட்லயே தங்க வச்சிக்கடி. எலுமிச்சங்கா ஊறுகா போட்டுக் குடுத்தனுப்பறேன்.”

“வர்லம்மா. வேற காலேஜிக்குப் போவுது.”

“ஏன்டி? உங்க காலேஜிலதான் யார வேணா சேத்துக்குவாங்கன்னியே?”

“சேத்துக்குவாங்க.”

“அப்புறம் இன்னா?”

“அங்க நான் கீறேம்மா.”